காய்ச்சல் விட்டது, பெலன் எங்கே?

வேத பாடம்



இங்கே ரொறன்ரோவில் தை மாதம் பிறந்தால், ஆராதனை மண்டபத்தில் கதிரைகள் காலியாகத் தொடங்கும். ஒரு வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வரும். மூன்று நாளில் வீட்டில் எல்லோரும் படுக்கையில் இருப்பார்கள். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வருகிறவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பாஸ்டர், காய்ச்சல் விட்டிட்டுது. ஆனால் முழங்காலில நிற்கவும் ஏலாமல் இருக்கு. ஜெபிக்க வாயே வருகுதில்லை. என்ர விசுவாசத்தில ஏதும் குறையோ?"

இந்தக் கேள்விக்கு வேதத்திலிருந்து பதில் சொல்லவே இந்தப் பாடம். தொடங்குமுன் மாற்கு முதலாம் அதிகாரத்தையும், பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் ஒருதரம் வாசித்துவிட்டு வாருங்கள்.

1. இது என்ன வியாதி?

தடிமன் வேறு, ஃபுளூ வேறு. தடிமன் மெல்ல மெல்ல வரும், மூக்கு ஒழுகும், வேலைக்கும் போய்வரலாம். ஃபுளூ அப்படியல்ல. காலையில் நன்றாயிருந்தவர் மாலையில் குளிரால் நடுங்குவார். கடுங்காய்ச்சல், தலையிடி, எலும்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல நோவு, வறட்டு இருமல். இன்ஃபுளுவென்சா என்கிற வைரஸ் கிருமியால் இது வருகிறது. மனிதரைத் தாக்கும் இந்தக் கிருமியை 1933-ஆம் ஆண்டு லண்டனில்தான் விஞ்ஞானிகள் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள்.

கிருமி உள்ளே போய் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் வியாதி தெரியவரும். காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாள் இருக்கும். ஆனால் இருமலும் களைப்பும் இரண்டு கிழமை, சிலருக்கு அதற்கும் மேலே நீடிக்கும். இது சரீரத்தின் இயல்பு. கிருமியோடு போராடிய சரீரம் தன் பெலனைச் செலவழித்துவிட்டது. அது திரும்பிவர நாள் எடுக்கும். இதைத் தெரியாதவர்கள்தான் ஐந்தாம் நாளே தங்களைத் தாங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள்.

2. படுத்துவிட்டவன் விசுவாசமில்லாதவனா?

பிலிப்பி சபை பவுலுக்கு உதவியாக அனுப்பிய எப்பாப்பிரோதீத்துவைப் பாருங்கள். அவர் உலகத்தோடு சுற்றித்திரிந்து வியாதிப்படவில்லை. கிறிஸ்துவின் ஊழியத்திற்காகப் போன இடத்தில் மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டார் என்று பவுலே எழுதுகிறார் (பிலிப்பியர் 2:27, 30). துரோப்பீமுவைப் பவுல் மிலேத்துவில் வியாதியுள்ளவனாக விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடல் பெலவீனம் வந்தது (1 தீமோத்தேயு 5:23). இவர்களில் ஒருவரையாவது பவுல் கடிந்துகொண்டாரா? இல்லை!

நம்முடைய எழுப்புதல் சரித்திரத்திலும் இதையே காண்கிறோம். 1918-இல் உலகத்தை உலுக்கிய இன்ஃபுளுவென்சாவில் கனடாவில் மட்டும் சுமார் 50,000 பேர் மரித்தார்கள். ஊழியக்காரரின் வீடுகளும் அதற்குத் தப்பவில்லை. ஒன்ராறியோவில் பிறந்து, பெந்தெகொஸ்தே சுவிசேஷகியாக எழும்பிய எய்மி செம்பிள் மெக்பெர்சன் அம்மையாரின் சிறுமகள் ரொபேர்ட்டாவும் அந்த வருஷம் இந்தக் காய்ச்சலில் விழுந்தாள். தாய் ஜெபித்தார், பிள்ளை பிழைத்தாள். அந்தத் தாய்தான் 1923-இல் லொஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஏஞ்சலஸ் தேவாலயத்தைத் திறந்தவர். அபிஷேகம் பெற்ற வீட்டுக்குள்ளும் கிருமி வரும். அது வந்ததைக்கொண்டு ஒருவருடைய ஆத்துமாவை அளக்க வேண்டாம்.

3. ஜெபிக்க முடியாதபோது என்ன செய்வது?

பேதுருவின் மாமி ஜுரமாய்க் கிடந்த வீட்டைக் கவனியுங்கள் (மாற்கு 1:30). அவர் ஜெபித்ததாக எழுதியிருக்கிறதா? இல்லை. அவரைக் குறித்து மற்றவர்கள் இயேசுவிடம் சொன்னார்கள். யாக்கோபு 5:14-இலும் இதே ஒழுங்குதான். வியாதிப்பட்டவருக்கு அங்கே கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று: மூப்பரை அழைப்பது. எண்ணெய் பூசுவதும் ஜெபிப்பதும் மூப்பருடைய பங்கு. ஆகவே 102 டிகிரி காய்ச்சலில் கிடந்துகொண்டு, "ஒரு மணித்தியாலம் ஜெபிக்கேல்லையே" என்று அழ வேண்டியதில்லை. டெலிபோனை எடுத்து, "எனக்குச் சுகமில்லை, ஜெபியுங்கோ" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் போதும். மிச்சத்தைச் சபை சுமக்கட்டும்.

எலியாவையும் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேலில் அக்கினியை இறக்கியவர் சூரைச்செடியின் கீழே படுத்து, சாவைக் கேட்கிறார். தேவன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. உபவாசம் இருக்கச் சொல்லவும் இல்லை. தூதனை அனுப்பித் தட்டியெழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டார், திரும்பவும் படுத்தார். தூதன் கோபித்தானா? இல்லையே! இரண்டாந்தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஓரேப்புக்குப் போகும் நாற்பது நாள் பெலன் வந்தது. நித்திரையும் கஞ்சியும் தண்ணீரும்கூடக் கர்த்தர் அனுப்புகிற உதவிதான். மல்லித்தண்ணியோ மிளகு ரசமோ கொண்டுவந்து தருகிற உங்கள் மனைவியைத் தூதன் என்று நினைத்து, மறுக்காமல் குடியுங்கள்.

4. மருந்தும் விசுவாசமும்

எசேக்கியா ராஜா ஜெபித்தார். பதினைந்து வருஷ ஆயுளைக் கூட்டிக் கொடுப்பதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தார். ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டின்மேல் வைக்கச் செய்தார் (2 இராஜாக்கள் 20:5-7). வாக்குத்தத்தத்தைச் சொன்ன அதே தீர்க்கதரிசிதான் மருந்தையும் போடச் சொன்னார். ஆகவே மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதேயுங்கள்.

சில காரியங்களை மறவாமல் கைக்கொள்ளுங்கள்:

• ஆன்டிபயோட்டிக் வைரஸைக் கொல்லாது. பக்கத்து வீட்டில் மிஞ்சிய குளிசையை வாங்கிப் போட வேண்டாம்.

• முதியோர், கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், சர்க்கரை வியாதி, இருதய வியாதி, ஆஸ்துமா உள்ளவர்கள் காய்ச்சல் தொடங்கிய உடனேயே டாக்டரோடு பேசவேண்டும். டாமிஃப்ளூ போன்ற மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் ஒன்ராறியோவில் 811 என்ற இலக்கத்தை அழைத்தால், இரவு பகல் எந்நேரமும் ஒரு நர்ஸ் பேசுவார்.

• தடிமன் மருந்துகள் பலவற்றில் டைலனோலில் உள்ள அதே மருந்து கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்து ஈரலைக் கெடுத்துக்கொள்ளாதேயுங்கள். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம்.

• மூச்சுவிடக் கஷ்டம், நெஞ்சு நோவு, புத்தி தடுமாற்றம் வந்தால் உடனே 911-ஐ அழையுங்கள். காய்ச்சல் விட்டுச் சுகமாகி, ஓரிரு நாளில் திரும்பவும் காய்ச்சலும் இருமலும் மோசமானால் அது நிமோனியாவாக இருக்கலாம். "சாட்சி சொல்லிப்போட்டன், இனி எப்படி ஆஸ்பத்திரிக்குப் போறது" என்று வெட்கப்பட்டு இருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உங்கள் சாட்சியைக் காப்பாற்றக் கர்த்தருக்குத் தெரியும். நீங்கள் உங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்.

• ஒன்ராறியோவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஃபுளூ ஊசி இலவசம். அது பெலன் தர இரண்டு கிழமை எடுக்கும்; ஆகவே குளிர் இறுகுமுன்னே போட்டுக்கொள்ளுங்கள்.

5. இரண்டு விதமான எழும்புதல்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பேதுருவின் மாமியின் கையைப் பிடித்து இயேசு தூக்கினார். ஜுரம் உடனே போயிற்று. அவர் எழுந்து பணிவிடை செய்தார். அல்லேலூயா! நம்முடைய தேவன் இன்றைக்கும் அப்படிச் சுகமாக்குகிறவர். நாம் அதை விசுவாசிக்கிறோம், பிரசங்கிக்கிறோம்.

ஆனால் எல்லோருக்கும் அப்படியே நடக்கவேண்டும் என்று வேதம் சொல்லுகிறதா? பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். மெலித்தா தீவிலே புபிலியுவின் தகப்பன் ஜுரமாய்க் கிடந்தபோது, பவுல் உள்ளே போய் ஜெபித்துக் கைகளை வைத்தார். அவன் சுகமானான் (அப்போஸ்தலர் 28:8). அதற்குப் பிறகு பவுல் ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்டார். பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் அந்த ரோமாபுரிச் சிறையிருப்பில் எழுதப்பட்டது என்பதே சபையின் பழைய கருத்து. அங்கேதான் எப்பாப்பிரோதீத்து வியாதிப்படுகிறார். அதே பவுல், அதே கைகள், அதே ஆவியானவர். ஆனால் இந்தமுறை வியாதி இழுபட்டது.

எவ்வளவு நாள் இழுபட்டது என்று பிலிப்பியர் 2:26-இலிருந்து ஊகிக்கலாம். அவர் வியாதிப்பட்ட செய்தி பிலிப்பிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்டு அவர்கள் கவலைப்படுகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தபாலும் டெலிபோனும் இல்லாத காலத்தில், கால்நடையாயும் கப்பலிலும் ஒரு செய்தி போய் வர எத்தனை கிழமை எடுத்திருக்கும்! அத்தனை நாளும் அந்த ஊழியக்காரர் படுக்கையிலும் பெலவீனத்திலும் இருந்திருப்பார். பவுல் இதைத் தோல்வி என்றாரா? தேவன் அவருக்கு இரங்கினார் என்றே எழுதினார் (2:27).

பிரியமானவர்களே, இதுதான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய சத்தியம். ஒரு நிமிஷத்தில் எழும்பினவரும் கர்த்தருடைய இரக்கத்தினால் எழும்பினார். ஆறு கிழமையில் எழும்பினவரும் அதே இரக்கத்தினால்தான் எழும்பினார். முதல்நாள் கட்டிலில் இருந்து கால் ஊன்றியது, இரண்டாம் நாள் ஒரு கிண்ணம் கஞ்சி இறங்கியது, நாலாம் நாள் ஜன்னல் வரை நடந்தது, ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். பெலன் வரத் தாமதிக்கிறது என்பதற்காக, வந்த சுகத்தை மறுதலிக்க வேண்டாம்.

6. சபையின் பங்கு

முதலாவது, காய்ச்சலும் இருமலும் இருக்கும்போது கூடுகைக்கு வராதேயுங்கள். ஃபுளூ வியாதி தெரிவதற்கு ஒரு நாள் முன்னிருந்து, ஐந்து ஏழு நாள் வரை மற்றவர்களுக்குத் தொற்றும். குளிருக்கு ஜன்னலெல்லாம் பூட்டி, ஹீட்டர் போட்ட மண்டபத்தில் கைக்குழந்தையும் இருக்கிறது, எண்பது வயது அம்மம்மாவும் இருக்கிறார். உங்களுக்கு ஒரு கிழமைக் களைப்பு. அவருக்கு அது உயிரையே எடுக்கக்கூடும். "எப்படியும் ஆராதனைக்கு வந்திட்டன்" என்பது சில வேளைகளில் வைராக்கியமல்ல. அன்பு நம்மை வீட்டில் இருக்கச் சொல்லுகிறது. குளிசை போடாமலே காய்ச்சல் இல்லாமல் ஒரு முழுநாள் கடந்தபின் வாருங்கள். இருமல் மிச்சமிருந்தால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, படுத்திருப்பவரை மறவாதேயுங்கள். சாப்பாட்டை வாசலில் வைத்து மணி அடியுங்கள். வீட்டு முன்னால் பனியை வழித்துவிடுங்கள். மணித்தியாலச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் நம் நடுவில் அநேகர். அவர்கள் ஒரு கிழமை போகாவிட்டால் வாடகைக்குக் காசில்லை. அதனால்தான் காய்ச்சலோடு இரவு ஷிஃப்டுக்குப் போகிறார்கள். அப்படிப்பட்டவரை "ஓய்வெடுங்கோ" என்று வாயால் சொல்லி அனுப்புவதில் பயனில்லை (யாக்கோபு 2:15-16 சொல்லுவது இதைத்தான்). உதவிக் காணிக்கையிலிருந்து அந்தக் கிழமைச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால், அவர் உண்மையாகவே படுத்து எழும்புவார்.

மூன்றாவது, மெலிந்து திரும்பி வருகிறவரைக் கனப்படுத்துங்கள். எப்பாப்பிரோதீத்து ஊருக்குத் திரும்பும்போது, "அனுப்பின வேலையை முடிக்காமல் வந்திட்டார்" என்று யாரும் பேசிவிடக்கூடாது என்று பவுல் எண்ணினார் போலும். ஆகவே சந்தோஷத்தோடே அவரை ஏற்றுக் கனம்பண்ணும்படி முன்கூட்டியே எழுதிவைத்தார் (2:29). திரும்பி வந்த சகோதரியிடம், "எப்ப திரும்பப் பாட்டுக்குழுவுக்கு வாறீங்கள்?" என்று முதல் நாளே கேட்காதேயுங்கள். கதிரையைக் கொடுங்கள், ஆராதனை முழுவதும் உட்கார்ந்தே இருக்கட்டும்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் சிந்திக்க:

நான் வியாதிப்படும்போது, உதவி கேட்க என்னைத் தடுப்பது எது? சென்ற மாதம் நம் கூட்டத்துக்கு வராமல் போனவர்களில் யாரை நாம் இன்னும் விசாரிக்கவில்லை? இன்றிரவு யாருடைய வாசலில் சாப்பாடு வைக்கவேண்டும்?

ஜெபிப்போம்: எங்கள் பரம தகப்பனே, இந்தக் குளிர்காலத்தில் படுக்கையில் இருக்கிற ஒவ்வொருவரையும் உம்முடைய கரத்தால் தொடும். உடனே எழும்புகிறவர்களுக்குத் தாழ்மையையும், மெல்ல எழும்புகிறவர்களுக்குப் பொறுமையையும், சுகமாயிருக்கிற எங்களுக்கு இரக்கமுள்ள கால்களையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.