தேயிலைத் தொழிற்சாலையும் நம் இளைஞரும்

மலைநாடு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம் மனக்கண் முன் தோன்றுவது, பனி மூடிய சரிவிலே கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் வடிவமே. ஓவியர் தீட்டுவதும் கவிஞர் பாடுவதும் அவளையே. அது பொருத்தமே. ஆயினும் அவள் கிள்ளிய கொழுந்து மாலையில் எங்கே செல்கின்றது, அங்கே அதற்கு யாது நிகழ்கின்றது என்று கேட்பார் அரியர். தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் அந்த உயர்ந்த கட்டடத்தைப் பற்றியும், அதனுள் உத்தியோகம் நாடிச் செல்லும் நம் இளைஞரைப் பற்றியும் இங்குச் சிறிது ஆராய விரும்புகின்றேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு; பின்னர்ச் சொல்வேன்.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவர் முதலிலே கொழுந்தைக் கையினால் உருட்டியது தம் பங்களா விறாந்தையிலேதான். உலர்த்தியது கரியடுப்பின் மேல். பின்னர் உருட்டும் பொறிகள் வந்தன. பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் ஆக்கிய 'சிரொக்கோ' உலர்த்திகளும் வந்தன. ஒருவர் வீட்டுத் திண்ணையிற் செய்த கைவேலை ஒரு தலைமுறைக்குள் யந்திரத் தொழிலாயிற்று. மலைநாட்டின் தேயிலை உழவு மட்டுமன்று, ஆலைத்தொழிலுமாகும் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

இனி அவ்வாலையினுள் நுழைவோம். தோட்டத்திலிருந்து வரும் பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு முக்காற் பங்கிற்கு மேல் நீரே. அதனை நீண்ட தொட்டிகளிலே பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி வாட்டுவர். பல மணி நேரம் செல்லும். மழை நாளில் ஒரு கணக்கு, வெயில் நாளில் வேறொரு கணக்கு. வாடிய இலையை உருளைப் பொறிகள் முறுக்கிப் பிழியும்போது கலங்கள் உடைந்து சாறு வெளிப்படும். அப்போது சலித்தெடுக்கும் பொடியிலையை ஆங்கில நூல்களும் 'தூல்' என்றே குறிக்கின்றன; நம் நாவில் அது தூள்.

அடுத்து வருவதே நுட்பமான கட்டம். பரப்பி வைத்த பச்சைத் தூள் மெல்ல மெல்லச் செம்பு நிறம் பெறும். இதனைப் 'புளிக்கவைத்தல்' என்றும் 'நொதிக்கவைத்தல்' என்றும் வழங்கி வந்துள்ளோம். சொல் பிழையானது. தோசை மாவைப் புளிக்கச் செய்வது நுண்ணுயிர். இங்கு நிறத்தை மாற்றுவது இலையினுள்ளேயே உள்ள ஒரு நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனுமாகும். ஆகவே ஒட்சியேற்றம் என்பதே தகும். தேநீரின் பொன்னிறமும் துடிப்பும் தியாபிளேவின் என்னும் பொருளாலும், செந்நிறமும் செறிவும் தியாரூபிஜின் என்னும் பொருள்களாலும் அமைகின்றன. நேரம் குறைந்தால் பச்சை நெடி. மிகுந்தால் துடிப்பற்ற வெறும் நிறம். தகுந்த கணத்தில் உலர்த்தியினுள் அனுப்பி, வெப்பத்தால் நொதியத்தின் தொழிலை நிறுத்த வேண்டும். அங்கும் இடருண்டு. வெப்பம் குறைந்தால் இலை அவிந்துபோகும். மிகுந்தால் மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பெட்டியிலேயே பூசணம் பிடிக்கும். இறுதியில் எஞ்சும் ஈரம் நூற்றுக்கு 3 அளவில் இருத்தல் வேண்டும்.

100 கிலோ கொழுந்திலிருந்து கிடைப்பது 21 அல்லது 22 கிலோ தேயிலைதான். நாளொன்றுக்கு 10,000 கிலோ கொழுந்து அரைக்கும் ஓர் ஆலையிலே இக்கணக்கு ஒன்று குறைந்தால் 100 கிலோ தேயிலை போயிற்று. மாணவர்கள் விழுக்காட்டுக் கணக்கை வெறுப்பது எனக்குத் தெரியும். இந்தக் கணக்கை வெறுக்க இயலாது.

முன்னாளில் இவற்றையெல்லாம் மூக்காலும் விரலாலும் அறிந்தவர் 'டீ மேக்கர்' ஐயா. அவரது திறமையை நான் குறைத்துரையேன். இன்று அவரது மூக்கோடு ஈரமானியும் வெப்பமானியும் சேர்ந்துள்ளன. நிறம் பிரிக்கும் ஒளிக்கண் பொறிகள் நார்களை ஒதுக்குகின்றன. உணவுப் பாதுகாப்புத் தரச் சான்றிதழ்களுக்கான ஏடுகள் நாள்தோறும் எழுதப்படுகின்றன. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலமும் 2020 முதல் கணினி வழியே நடைபெறுகின்றது. ஆதலால் இரசாயனமும் மின்னியலும் கற்ற இளைஞர் ஆலைக்கு வேண்டியவராயினர். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உளது. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பம் பட்டப் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றது. உயர்தர வகுப்பில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவும் உண்டு.

ஆனால் இவ்வுத்தியோகங்களில் முன்பு அமர்ந்தோர் பெரும்பாலும் வெளியூரார். லயத்தில் பிறந்தவன் ஸ்டோரில் அடுப்பெரித்தான், பெட்டி தூக்கினான். மேசையில் அமர்ந்தது அரிது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவன் குடியுரிமையைப் பறித்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது மிகப் பிந்தியே. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. இத்தனை காலதாமதத்தின் பின் படித்து வெளிவந்த முதல் தலைமுறை, தோட்டத்தின் பெயரையே கேட்க விரும்பாததில் வியப்பில்லை. ஆசிரியர் தொழிலே அவர்களுக்குக் கௌரவமாகத் தோன்றிற்று. நானும் அவ்வாறே எண்ணினேன்.

இங்கே என் பிழையைச் சொல்ல வேண்டும். ஹட்டன் பகுதியிலே யான் கற்பித்த மாணவி ஒருத்தி, கொழுந்து பறிப்பவளின் மகள், தொழினுட்பப் பிரிவிலே நன்கு தேறினாள். தேயிலை ஆலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பகுதிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது, "படித்துவிட்டு ஸ்டோருக்கா போகிறாய், பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். அவள் மறுமொழி கூறாது சென்றாள். ஓராண்டு கழிந்து வந்தாள், கையில் ஒரு பட்டியலோடு. ஆலையில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் நாற்பதுக்குத் தமிழ் வேண்டுமாம்; கீழே வேலை செய்வோர்க்கு அறிவிப்பு எழுதுவதற்கு. "சேர், நீங்கள்தானே தமிழ் படிப்பித்தீர்கள்?" என்றாள். இக்கட்டுரைக்கு வித்து அதுவே.

அன்று அவள் கூறிய செய்தி ஒன்று இன்னும் என் நெஞ்சில் நிற்கின்றது. வந்திறங்கும் கொழுந்தில் ஒரு பிடி எடுத்து, இளங்கொழுந்து வேறு, முற்றிய இலை வேறு, நசுங்கியது வேறு எனப் பிரித்து நிறுத்து விழுக்காடு எழுதுவது அவள் வேலை. முதல் வாரத்திலேயே அவள் தாய் பறிக்கும் மலையின் கொழுந்துக்கு மிகக் குறைந்த மதிப்பு எழுத நேர்ந்தது. எழுதினாள். மறுநாள் பெரட்டுக்களத்தில் ஏச்சு. தாய் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நீ பிரித்ததை எனக்குக் காட்டு" என்றாளாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் மகள் ஒரு பிடி கொழுந்தைப் பிரித்துக் காட்டினாள்.

தாய் நெடுநேரம் பார்த்தாள். "முத்தல் இலை எங்கள் குற்றம். இந்தச் சிவந்தது எங்கள் குற்றமில்லை. சாக்கில் மிதித்து அடைத்து, லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற்றி, வெயிலில் நிறுத்தியது யார்?" என்று கேட்டாள். நசுங்கிய இலையில் ஒட்சியேற்றம் சாக்கினுள்ளேயே தொடங்கிவிடும் என்பதை மகள் வகுப்பறையிலே கற்றிருந்தாள். அது எந்தச் சாக்கில், எந்த நேரத்தில் தொடங்குகின்றது என்பதைத் தாய் அறிந்திருந்தாள்.

மறுவாரம் அந்த ஏட்டில் புதிய பத்தியொன்று கோடிடப்பட்டது: நசுங்கிய இலை, லொறி வந்த நேரம், சாக்கின் நிறை. மேலதிகாரி முதலில் ஒப்பவில்லையாம். பின்பு ஒரு மாதம் பார்ப்போம் என்றாராம். அந்தப் பத்திக்குத் தலைப்பாக எந்தச் சொல்லை இடலாம் என்பதே என்னிடம் கொணர்ந்த பட்டியலில் முதற் கேள்வி. 'கசங்கல்' என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் தாயிடமும் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போனாள்.