உலகம் முழுவதுமா, ஒரு கடல் மட்டுமா? மாதாப்பூரிலிருந்து நீண்ட கப்பல் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

நீண்ட கடல் பயணத்துக்கான விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் காட்டுகின்றன: நாள்கள் கூடக் கூட, ஒரு நாளைக்கான செலவு குறையும். கணக்கு சரிதான். ஆனால் கடல் இல்லாத ஊரான ஹைதராபாத்தில், மாதாப்பூரில் இருந்துகொண்டு, இந்தியப் பாஸ்போர்ட்டோடு புறப்படுகிறவருக்கு அது முதல் கணக்காக இருக்கக் கூடாது. அவர் முதலில் கேட்க வேண்டியது, பயணம் நடுவில் முறிந்தால் என்ன ஆகும் என்பதை. விசா ஒன்று கிடைக்காமல் போனால், கடல்வழி மூடப்பட்டால், உடம்புக்கு முடியாமல் போனால், எவ்வளவு பணமும் எத்தனை நாளும் கையை விட்டுப் போகும்? இதை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், உலகம் முழுவதையும் சுற்றும் நான்கு மாதச் சீட்டைவிட, அதே பாதையில் ஒரு பகுதியை மட்டும் வாங்கும் மூன்று முதல் ஆறு வாரப் பயணமே முதல் முறைக்கு நல்லது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், யாருக்கு இந்த முடிவு பொருந்தாது என்பதையும், எதைத் தேர்ந்தாலும் எப்படித் தயாராவது என்பதையும் வரிசையாகப் பார்ப்போம்.

நான்கு வழிகள்

முதல் வழி, இந்தியத் துறைமுகத்திலிருந்து போகும் சிறு பயணம். கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து அதன் பயணத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் அது சென்னையிலிருந்து இலங்கைக்கும் போகத் தொடங்கியது. இவை இரண்டு முதல் ஐந்து இரவு வரையிலான பயணங்கள். இரண்டாவது வழி, உலகம் சுற்றும் கப்பலில் ஒரு பகுதிக்கு மட்டும் சீட்டு வாங்குவது, அல்லது பருவம் மாறும்போது ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இடம் மாறும் கப்பலில் போவது. மூன்றாவது, முழுச் சுற்று. 1922 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய குனார்டு நிறுவனத்தின் லகோனியா 130 நாளில் உலகைச் சுற்றி வந்தது. ஜனவரியில் கிளம்பும் இன்றைய உலகச் சுற்றுக் கப்பல்களும் ஏறக்குறைய அதே அளவில், 100 முதல் 130 நாள் வரை எடுத்துக்கொள்கின்றன. நான்காவது, அதையும் தாண்டியவை: ஒன்பது மாதச் சுற்று, ஆண்டுக்கணக்கில் கப்பலிலேயே குடியிருப்பது. இந்த நான்காவது வழியை முதல் முறை போகிறவர்கள் ஒதுக்கிவிடலாம். மூன்று ஆண்டுப் பயணம் என்று அறிவிக்கப்பட்ட 'லைஃப் அட் சீ', கப்பல் கைக்கு வராததால் 2023 நவம்பரில் கிளம்பும் முன்பே ரத்தானது. 'வில்லா வீ ஒடிசி' என்ற குடியிருப்புக் கப்பல் 2024-ல் பழுதுபார்ப்பு முடியாமல் பெல்ஃபாஸ்ட்டில் நான்கு மாதம் நின்றது. ஆகவே உண்மையான தேர்வு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான். முதல் வழி அந்தத் தேர்வுக்கு முன் செய்துகொள்ள வேண்டிய சோதனை.

பாதை மாறினால்

நீண்ட பயணங்கள் முறிவது அபூர்வம் என்று நினைத்தால் அண்மை ஆண்டுகள் அதை மறுக்கின்றன. 2020 ஜனவரியில் ஜெனோவாவிலிருந்து கிளம்பிய எம்.எஸ்.சி. மக்னிஃபிக்காவின் பயணிகள், கொரோனாவால் துறைமுகங்கள் மூடப்பட்டதால், ஏப்ரல் 20 அன்று மார்சேயில்தான் இறங்க முடிந்தது. 2023 டிசம்பர் 10 அன்று மயாமியிலிருந்து 274 இரவுப் பயணம் கிளம்பிய ராயல் கரீபியனின் செரினேட் ஆஃப் த சீஸ், செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களால் பாதையை மாற்றி ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வேறு பல உலகச் சுற்றுக் கப்பல்களும் 2024-ல் அதையே செய்தன. பாதை மாறினால் விசாப் பட்டியலும் மாறும். சூயஸ் வழியாகப் போக வேண்டிய கப்பல் கேப்டவுனுக்குத் திரும்பினால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குத் தென்னாப்பிரிக்க விசா தேவைப்படுகிறது. பல நாட்டவருக்கு அது தேவையே இல்லை. அதே மாற்றத்தை அவர்கள் செய்தியாகப் படித்துவிட்டுப் போகலாம். நமக்கு அது தரையில் இறங்க முடியுமா என்ற கேள்வியாகிவிடுகிறது. 274 இரவுப் பயணத்தையே நிறுவனம் நான்கு பகுதிகளாகப் பிரித்தும் விற்றது. ஒரு பகுதியை மட்டும் வாங்கியவருக்கு ஆபத்தும் அந்தப் பகுதியோடு நின்றது.

விசாவின் காலக்கணக்கு

இந்தியருக்கு முழுச் சுற்று கடினமாவதற்கு முதல் காரணம் பணம் அல்ல, விசாவின் தேதிகள். ஒரு நாட்டின் விசா இல்லையென்றால் கப்பலிலேயே ஏற்ற மறுக்கும் நிறுவனங்கள் பல. அங்கே இறங்க மாட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 5 அன்று சிங்கப்பூரில் ஏறி, ஏப்ரல் 20 அன்று சவுத்தாம்ப்டனில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பிரிட்டன் விசாவுக்குப் போகும் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன் விண்ணப்பிக்க முடியாது. அதாவது ஜனவரி 20-க்குப் பிறகுதான். அப்போது நீங்கள் நடுக்கடலில் இருப்பீர்கள். பிரிட்டனின் இரண்டு ஆண்டு அல்லது ஐந்து ஆண்டு விசா ஏற்கெனவே கையில் இருந்தால்தான் இது தீரும். இல்லையென்றால் சவுத்தாம்ப்டனிலேயே தொடங்கி அங்கேயே முடியும் பயணமாகத் தேர வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் நான்கு மாதச் சுற்றுக்குள் அது அடங்கும். ஒன்பது மாதச் சுற்றின் கடைசியில் ஐரோப்பா வந்தால் அடங்காது. 2024 ஏப்ரலில் இந்தியருக்கென வந்த ஷெங்கன் விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு விசாவும், அடுத்து ஐந்து ஆண்டு விசாவும் கிடைக்க வழி உண்டு. ஆகவே சிறு பயணங்கள் பின்னால் வரும் பெரிய பயணத்துக்கான விசாவையும் சேர்த்துத் தருகின்றன. பகுதிப் பயணத்துக்கு ஆதரவான வலுவான காரணம் இதுவே.

இந்த வேலைகளில் ஒன்றில் மாதாப்பூர்க்காரருக்கு வசதி இருக்கிறது. அமெரிக்க விசாவுக்குக் கைரேகையும் புகைப்படமும் எடுக்கும் மையம் 2023 முதல் ஹைடெக் சிட்டி மெட்ரோ நிலையத்தின் கீழ்த்தளத்தில் இயங்குகிறது. நேர்காணல், அதே ஆண்டு நானக்ராம்குடாவில் திறந்த துணைத் தூதரகத்தில். அமெரிக்கச் சுற்றுலா விசா பொதுவாகப் பத்து ஆண்டுக்குக் கிடைப்பதாலும், தேதி கிடைக்க நெடுநாள் ஆகலாம் என்பதாலும் வரிசையில் அதை முதலில் வையுங்கள். பாஸ்போர்ட் ஒரே நேரத்தில் ஒரு தூதரகத்தில்தான் இருக்க முடியும். எனவே அமெரிக்கா, பிறகு ஷெங்கன், பிறகு பிரிட்டன், கடைசியாக இணையத்திலேயே முடியும் விசாக்கள் என்று அடுக்க வேண்டும். பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம் செல்லுபடி இருக்கட்டும். புதுப்பிக்கும்போது 60 பக்கப் புத்தகமாகக் கேட்டு வாங்குங்கள்.

பகுதிப் பயணத்தைத் தேரும்போது, இரு முனைகளும் ஷம்சாபாத் விமான நிலையத்திலிருந்து நேரடி விமானம் உள்ள ஊர்களாகப் பாருங்கள்: சிங்கப்பூர், துபாய், லண்டன். வீட்டில் ஏதேனும் நேர்ந்தால் அடுத்த விமானத்தில் திரும்ப முடியும் என்ற உறுதி, பெற்றோரை விட்டுவிட்டோ கூட்டிக்கொண்டோ போகிறவருக்குக் கேபினின் பால்கனியைவிட மதிப்புள்ளது.

உடம்பும் மருந்துப் பையும்

கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள்; அது மருத்துவமனை அல்ல. நிலைமையைத் தாங்கிப்பிடித்து அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவதே அவர்களின் வேலை, அதற்கான கட்டணம் டாலரில். பசிபிக்கைக் கடக்கும்போது அடுத்த துறைமுகம் பல நாள் தள்ளி இருக்கலாம். ஆகவே பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் மூன்று இடங்களை வரி விடாமல் படியுங்கள்: எத்தனை நாள் வரை, முன்பே உள்ள நோய்க்கு என்ன விலக்கு, அவசர மருத்துவ இடமாற்றத்துக்கு எவ்வளவு. இந்தியாவில் ஒற்றைப் பயணக் காப்பீடு பெரும்பாலும் 180 நாளோடு நிற்கிறது. வயது ஏற ஏற நிபந்தனைகளும் ஏறும். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளைப் பயண நாள்களுக்கு மேல் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக எடுத்து இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டு கூடவே இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்துக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. சமையல் பொடிகளோடு கசகசா போய்விடக் கூடாது. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். மின்கெட்டிலும் சிறு குக்கரும் கேபினில் பெரும்பாலும் அனுமதிக்கப்படுவதில்லை. ஊறுகாயைக் கப்பலில் சாப்பிடலாம், ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ கரைக்குக் கொண்டு போகும்போது அறிவிக்காமல் போகக் கூடாது.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா வழியாகப் போகும் பல பாதைகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். பாதிப்புள்ள நாட்டிலிருந்து சான்றில்லாமல் வருபவரை இந்தியாவிலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஹைதராபாத்தில் நாராயண்குடாவில் உள்ள நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். பாதை எதுவானாலும், செங்கடல் அனுபவத்துக்குப் பிறகு இதை முன்கூட்டியே போட்டுக்கொள்வது அறிவுடைமை.

மறுப்புகளுக்குப் பதில்

முழுச் சுற்று நாளொன்றுக்கு மலிவு என்பது முதல் மறுப்பு. 120 நாளுக்குப் பணம் கட்டி, நாற்பதாம் நாளில் இறங்க நேர்ந்தால் மீதிப் பணம் பொதுவாகத் திரும்பாது. காப்பீடு ஏற்கும் காரணமாக இருந்தால் மட்டும் ஒரு பகுதி வரலாம். அப்போது கப்பலில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் மூன்று மடங்கு கொடுத்ததாகிறது. விளம்பரத்தில் சொல்லாத செலவுகளும் நாள்களோடு வளரும்: பணியாளர் சேவைக் கட்டணம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 16 டாலர் என்று வைத்தால் 120 நாளுக்கு 1,920 டாலர். தனியாகப் போகிறவர் இருவருக்கான கட்டணத்தை நெருங்கும் தொகை கட்ட நேரிடும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பொதிக்கு முன்கூட்டியே பிடிக்கும் டி.சி.எஸ். வரியின் விகிதமும் வரம்பும் 2023-க்குப் பிறகு மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தப் பணம் வருமான வரிக் கணக்கில் ஈடாகும் என்றாலும், அதுவரை முடங்கிக் கிடக்கும். கட்டும் ஆண்டின் விகிதத்தைக் கணக்காளரிடம் கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள்.

வாழ்நாளில் ஒருமுறைதான், அதைப் பகுதி பகுதியாகச் செய்தால் உலகைச் சுற்றினோம் என்ற நிறைவு வருமா என்பது இரண்டாவது மறுப்பு. இந்த ஆசை மதிக்கத்தக்கது. ஒரே வளைவாக பூமியைச் சுற்றி வருவதற்கு ஈடு வேறில்லை. ஆனால் அதை உண்மையிலேயே செய்தவர்களைப் பாருங்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஐஸ்வர்யா போட்டபதி உள்ளிட்ட ஆறு கடற்படைப் பெண்கள் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்மரப் படகில் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து கிளம்பி 2018 மே 21 அன்று திரும்பினார்கள். அதற்கு முன் மொரிஷியஸுக்கும் கேப்டவுனுக்கும் பாய்மரப் படகில் போய்வந்து தங்களைச் சோதித்துக்கொண்டார்கள். அதே படகில் 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே 29 வரை இருவராக உலகைச் சுற்றிய கடற்படை அதிகாரிகள், புதுச்சேரியின் ரூபாவும் கோழிக்கோட்டின் தில்னாவும், அதற்கு முன் கேப்டவுன் வழியாக ரியோ வரையும், பிறகு இருவர் மட்டுமாக மொரிஷியஸ் வரையும் போய்ப் பழகினார்கள். பயிற்சி பெற்ற மாலுமிகளே முழுச் சுற்றுக்கு முன் ஒரு கடலை மட்டும் கடந்து பார்த்தார்கள். பயணியாகப் போகும் நமக்கு அந்தப் படி இன்னும் அவசியம்.

வயது காத்திருக்காது என்பது மூன்றாவது மறுப்பு, மற்றவற்றைவிட நியாயமானதும்கூட. முழுச் சுற்றுச் சீட்டுகள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு முன்பே விற்பனைக்கு வருகின்றன. அந்த இடைவெளியிலேயே சென்னையிலிருந்து சில இரவுச் சோதனையையும் ஒரு பகுதிப் பயணத்தையும் முடித்துவிடலாம், எதுவும் தள்ளிப்போவதில்லை. சிறு பயணம் வயிறும் தூக்கமும் அலையைத் தாங்குமா என்பதை மட்டும் சொல்லும். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் உள்ள கேபினில் ஆட்டம் குறைவு என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். துறைமுகம் இல்லாத ஆறாம் நாளில் மனம் எப்படி இருக்கும் என்பதைப் பகுதிப் பயணம்தான் சொல்லும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

விசாவுக்கு அடுத்தபடியாக அதிகம் தொல்லை தருவது ஓ.டி.பி. கடலில் கைப்பேசி கப்பலின் சொந்த வலையமைப்பைப் பிடித்தால் கட்டணம் கடுமையாக ஏறும். விமானப் பயன்முறையில் வைத்தால் வங்கியின் குறுஞ்செய்தி வராமல் போகலாம். மின்னஞ்சலுக்கும் ஓ.டி.பி. வரும்படி வங்கியில் முன்பே மாற்றி, மின்கட்டணம், அடுக்ககப் பராமரிப்பு, தவணை எல்லாவற்றையும் தானாகக் கழியவிட்டு, ஒரு வாரம் ஹைதராபாத்திலேயே சோதித்துப் பாருங்கள். ஜனவரியில் கிளம்பினால் மார்ச் 15 முன்கூட்டிய வரித் தவணை கடலில் வரும். நவம்பரில் ஓய்வூதியர் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும், அதை முக அடையாளத்தால் கைப்பேசியிலேயே முடிக்கலாம். வேலையில் இருப்பவர் விடுப்பை எழுத்தில் வாங்கட்டும். கப்பலில் இணையம் இருப்பதால் வேலையும் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினால், வெளிநாட்டிலிருந்து நிறுவனக் கணினியில் நுழைய அனுமதி உண்டா என்று கேட்ட பிறகே எண்ணட்டும். நடக்கப் பழகுங்கள்: சில துறைமுகங்களில் கப்பல் தள்ளி நிற்க, ஆடும் சிறு படகில் கால் வைத்து ஏறி இறங்க வேண்டும். துர்கம் செருவு ஏரிக்கரையில் தினம் ஒரு மணி நேரம் நடப்பது அதற்கு நல்ல தொடக்கம்.

முழுச் சுற்றை நேராக எடுக்கத் தகுந்தவர் யார்? அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் மூன்றின் நீண்டகால விசாவும் கையில் உள்ளவர்; மூன்று வாரமாவது கப்பலில் இருந்து பார்த்தவர்; காப்பீடு தன் நோயை விலக்காதவர்; கட்டிய பணம் முழுதும் போனாலும் குடும்பம் தடுமாறாதவர். இந்த நான்கும் பொருந்தினால் தயங்காதீர்கள், போய் வாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஒரு கடலைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பயணம் முடிந்து ஷம்சாபாத்தில் இறங்கும்போது, முழுச் சுற்றுக்கு என்ன குறைகிறது என்பது பாஸ்போர்ட்டிலும் உடம்பிலும் வங்கிக் கணக்கிலும் தெளிவாகத் தெரியும். அதற்குப் பிறகு எடுக்கும் முடிவு விளம்பரத்தை நம்பி எடுத்ததாக இருக்காது.