இருண்டுபோன மொனிற்றர்: வீட்டில் பார்க்கக்கூடியதும் தொடக்கூடாததும்

தோட்டத்து நீரிறைக்கும் மெசின் ஸ்ராட் எடுக்காவிட்டால் முதலில் என்ன செய்வோம்? எடுத்த எடுப்பிலேயே மெசினைக் கழற்றிப் பரப்புவதில்லை. எண்ணெய் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று வெளியிலிருந்து உள்ளே போவோம். 1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்தவர்களுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு சொட்டுப் பெற்றோலில் பற்றவைத்து மண்ணெண்ணெயில் மெசின் ஓட்டியவர்கள் நாம். பற்றறி கிடைக்காதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் நாமே.

அதே நாம், கொழும்புக்கு வந்தபின் பிள்ளையின் கணனி மொனிற்றர் இருண்டுவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். அது படித்த ஆட்களின் சாமான் என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் பாதி வேண்டாதது, மற்றப் பாதி மிகவும் வேண்டியது. எது எந்தப் பாதி என்பதைப் பிரித்துக் காட்டவே இப் பாடத்தை எழுதுகிறோம்.

கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைகளில் வசிக்கும் ஒரு குடும்பம் எங்களை அழைத்திருந்தது. தகப்பனார் இரணைமடுக் குளத்து நீரில் நெல் விதைத்தவர். மகள் வீட்டிலிருந்தே தமிழ்த் தட்டச்சு வேலை செய்கிறார். அந்த வருமானத்தில்தான் அறை வாடகை போகிறது. அவர்களுடைய 19 அங்குல எல்.சி.டி. மொனிற்றர் பழையதாக வாங்கியது. ஒரு கடையில் காட்டியபோது, "போர்ட் போய்விட்டது, திருத்திப் பிரயோசனமில்லை, வேறு வாங்குங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது தாயார் சங்கிலியை அடகு வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வெளியிலிருந்து தொடங்குவோம்

முதற் கேள்வி: பழுது மொனிற்றரிலா, கணனியிலா? இதை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. கணனிக்குப் போகும் படக் கேபிளைக் கழற்றிவிட்டு மொனிற்றருக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். நல்ல மொனிற்றர் என்றால், படம் வரவில்லை அல்லது கேபிளைப் பார் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு பெட்டி திரையில் தோன்றும். அது தோன்றினால் மொனிற்றரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பழுது கேபிளில் அல்லது கணனியில் இருக்கிறது.

மொனிற்றரின் சிறு விளக்கே எரியாவிட்டால் மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள். பெரும்பாலான மொனிற்றர்களுக்கும் மேசைக் கணனிகளுக்கும் ஒரே வகை மின்வயர்தான். இரண்டையும் மாற்றிப் போட்டால் வயர் பழுதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சதுர முனை 13 அம்பியர் பிளக்கின் உள்ளே ஒரு பியூஸ் உண்டு; பழைய வீடுகளில் உள்ள உருண்டை முனைப் பிளக்கில் அது இல்லை. பியூஸ் போயிருந்தால் அதே அளவில் புதியது போடவேண்டும். மொனிற்றருக்கு 3 அல்லது 5 அம்பியர் போதும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் சமாளிக்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஒரே பிளக்கில் நான்கு மல்ரி பிளக்கைக் கோத்திருக்கும் வீடுகளில் தளர்ந்துபோன தொடுப்பே பல தடவை குற்றவாளி.

நிறம் மாறித் தெரிந்தால் வி.ஜி.ஏ. கேபிளின் முனையைப் பாருங்கள். அதில் மூன்று வரிசையில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. 1ஆவது சிவப்பு, 2ஆவது பச்சை, 3ஆவது நீலம். நீலம் வராவிட்டால் வெள்ளைப் பக்கம் மஞ்சளாகும். பச்சை வராவிட்டால் ஊதாப்பூப் போலாகும். சிவப்பு வராவிட்டால் நீலப்பச்சையாகும். ஊசி வளைந்திருந்தால் மை முடிந்த பேனையின் வெறுங்குழாயை அதன்மேல் செருகி மெதுவாக நிமிர்த்தலாம். 9ஆவது ஊசி பல கேபிள்களில் செய்யும்போதே விடப்படுவதால் அது இல்லையே என்று பதற வேண்டாம். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக, ரயில் பாதையை அண்டி இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்று முனைகளில் பச்சை படரச் செய்யும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுறொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சினால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

ரோச் வெளிச்சத்தில் ஒரு பரீட்சை

கொட்டாஞ்சேனை வீட்டில் சிறு விளக்கு எரிந்தது. சுவிச்சைப் போட்டவுடன் படம் இரண்டு விநாடி தோன்றி மறைந்தது. அறையை இருட்டாக்கி, திரைக்குச் சாய்வாக ரோச் அடித்துப் பார்க்கச் சொன்னோம். தகப்பனார்தான் ரோச் பிடித்தார். மிகவும் மங்கலாக எழுத்துக்கள் தெரிந்தன.

எல்.சி.டி. திரை தானாக ஒளி விடுவதில்லை. பின்னால் இருந்து ஒளி வந்தால்தான் படம் தெரியும். பழைய மொனிற்றர்களில் அந்தப் பின்னொளி பென்சிலிலும் மெல்லிய ரியூப் லைற்றுக்களிலிருந்து வருகிறது; பிந்தியவற்றில் எல்.ஈ.டி. விளக்குகளிலிருந்து. ரோச் வெளிச்சத்தில் மங்கற் படம் தெரிந்தால் திரை உயிரோடு இருக்கிறது, பின்னொளிதான் அணைந்திருக்கிறது என்று பொருள். ரியூப் போயிருக்கலாம், அதை ஏற்றும் இன்வேர்ட்டர் போயிருக்கலாம், அல்லது இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்கும் பகுதி தளர்ந்திருக்கலாம்.

தகப்பனார் கேட்டார்: "தம்பி, பத்தினவுடன வந்து பிறகு நிக்குதெண்டால், மெசினிலயெண்டா எண்ணெய் வருகுதில்லை எண்டுதானே நாங்கள் பாக்கிறனாங்கள்?"

எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நாங்கள் பெரிதாக விளக்கப் போன விடயத்தை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

எண்ணெய் வராத இடம்

மின்வழங்கிப் பலகையில் சிறு தகரக் குவளைகள் போல நிற்பவை கப்பாசிற்றர்கள். பிள்ளைகளின் பௌதிகவியற் புத்தகத்தில் கொள்ளளவி என்று இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஏறி இறங்கி வந்தாலும் தொட்டியில் சேர்த்துவிட்டால் பாத்திக்கு ஒரே சீராகப் பாய்கிறதல்லவா, அந்தத் தொட்டியின் வேலையை இவை செய்கின்றன. உள்ளே ஒரு திரவம் உண்டு. வெப்பத்தில் அது காலப்போக்கில் வற்றும், அல்லது வாயுவாகி மூடியைத் தள்ளும். மூடியின் மேல் சிலுவைக் குறிபோலக் கீறியிருப்பது அழகுக்கல்ல. வெடிக்காமல் அந்த இடத்தில் பிளந்து காற்றுப் போகட்டும் என்பதற்கே. தட்டையாக இருக்கவேண்டிய மூடி வீங்கியிருந்தால், அல்லது அடியில் கபிலக் கசிவு இருந்தால், ஆளைப் பிடித்துவிட்டோம்.

ஏறத்தாழ 1999 முதல் 2007 வரையான காலத்தில் தரக்குறைவான கப்பாசிற்றர்கள் உலகெங்கும் பெருந்தொகையான கருவிகளில் ஏறிவிட்டன. பழுதான கணனிகளைச் சரிசெய்வதற்காக 2005இல் டெல் நிறுவனம் மாத்திரம் 30 கோடி அமெரிக்க டொலரை ஒதுக்கியது. பழையதாக வாங்கும் மொனிற்றர் அக்காலத்துக்குரியது என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள். எங்கள் வீடுகளில் திரைக்கு மேல் பின்னல் துணி விரித்துப் பூச்சாடி வைப்பது வழக்கம். அந்தத் துணி காற்றுத் துளைகளை மூடுகிறது. வெப்பம் 10 பாகை குறைந்தால் கப்பாசிற்றரின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழில் தெரிந்தவர்களின் கணக்கு.

திறப்பதற்கு முன்

இந்த இடத்தில் மெதுவாக வாசியுங்கள். சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ற்று. பலகையில் உள்ள மிகப் பெரிய கப்பாசிற்றரில் அது ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டமாகச் சேர்ந்து நிற்கிறது. பிளக்கைக் கழற்றினாலும் அது உடனே போய்விடும் என்று நம்பக்கூடாது. ஆகவே பிளக்கைக் கழற்றி ஒரு நாள் முழுதும் விடுங்கள். பின்பு திறந்து, எதையும் தொடுமுன் 400 அல்லது 450 வோல்ற்று என்று எழுதியிருக்கும் அந்தப் பெரிய கப்பாசிற்றரின் இரு கால்களிலும் மல்ரி மீற்றர் வைத்து அளவுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது பழைய தொழிலாளர் பழக்கம். மின்சாரம் ஒரு கையால் ஏறி நெஞ்சுக்கூடாக மறுகையால் போகாமல் இருக்க அது உதவும். சில வோல்ற்றுக்கு மேல் காட்டினால் இன்னும் காத்திருங்கள். மீற்றர் இல்லாதவர்கள், ஈயம் ஒட்டிப் பழகாதவர்கள் திறக்கவே வேண்டாம். "மின்வழங்கியின் கப்பாசிற்றரைப் பாருங்கள்" என்று தொழில் தெரிந்த ஒருவரிடம் சொல்லிக் கொடுப்பதே பெரும் சேமிப்பு.

பெரிய வயிறுள்ள பழைய கண்ணாடிக் குழாய் மொனிற்றரை எவரும் வீட்டில் திறக்கக்கூடாது. நிறக் குழாயில் 25,000 வோல்ற்று அளவுக்கு ஏறுகிறது. அணைத்த பின்னும் குழாய் அதைப் பிடித்து வைத்திருக்கும். திரை நடுவில் ஒரேயொரு வெள்ளைக் கோடு நின்றால் உடனே அணையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் கருகிவிடும். வீட்டில் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

மாற்றுதல்

கொட்டாஞ்சேனையில் 1000 மைக்குரோபரட், 25 வோல்ற்று என்று எழுதிய இரண்டு வீங்கியிருந்தன. மூன்றாவது நல்லதுபோல நின்றது. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை ஆகையால் மூன்றையும் மாற்றினோம். மைக்குரோபரட் அளவு அதேயாக இருக்கவேண்டும். வோல்ற்று அதே அல்லது சற்று அதிகம், ஒருபோதும் குறைவல்ல. உடம்பில் 105 பாகை என்று எழுதியிருக்கவேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்து உதிரிப்பாகக் கடைகளில் பழையதையே கொண்டுபோய்க் காட்டி, மின்வழங்கிக்கு என்று சொல்லிக் கேளுங்கள். ஒன்றின் விலை ஒரு பிளேன்ரீயின் விலை அளவில்தான் இருக்கும்.

கழற்றுமுன் எந்தப் பக்கம் எது என்று கடதாசியில் வரைந்து வைக்கவும். கப்பாசிற்றரின் பக்கத்தில் உள்ள கோடு எதிர்முனையைக் காட்டும். சில வருடங்களுக்கு முன் அவசரத்தில் ஒன்றை மாறிப் பூட்டி, சுவிச்சைப் போட்ட கணத்தில் அது வெடித்து, அறை முழுதும் மீன் அழுகியது போன்ற வாடையோடு நாங்கள் வெளியே ஓடியிருக்கிறோம். முகத்தில் படாதது எங்கள் சாமர்த்தியமல்ல. ஈயம் ஒட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், சிறு பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம், சாப்பிடுமுன் கையைக் கழுவுங்கள்.

அன்று மாலை திரை எரிந்து நின்றது, ஆனால் மஞ்சளாக. மகள் முகம் வாடிவிட்டது. கேபிள் முனையைப் பார்த்தால் 3ஆவது ஊசியில் பச்சை படிந்திருந்தது. துடைத்ததும் வெள்ளை வந்தது. தாயார் சங்கிலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

எல்லாம் இப்படி முடியாது. திரை வெடித்தால், மேலிருந்து கீழாக நிறக் கோடுகள் நிலையாக நின்றால், திரையே பழுது. அதற்குச் செலவழிப்பது நட்டம். வாங்கும்போதே முந்திக்கொள்ளலாம். பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலோ வேறெங்கோ பழையது வாங்கினால், கடையிலேயே அரை மணித்தியாலம் எரியவிட்டுப் பாருங்கள். தளர்ந்த கப்பாசிற்றர் குளிரில் அழும், சூட்டில் சமாளிக்கும். ஆகவே அவர்கள் ஏற்கெனவே எரியவிட்டிருப்பதை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போடச் சொல்லுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது பலர் கற்ற பாடத்தையும் மறக்க வேண்டாம்: மின்சாரம் போனால் பிளக்கைக் கழற்றுங்கள், வந்த பின் சில நிமிடம் பொறுத்து மாட்டுங்கள்.

புறப்படும்போது தகப்பனார் படிக்கட்டின் கீழிருந்த ஒரு பழைய குழாய் மொனிற்றரைக் காட்டி, உடைத்துச் செப்புக் கம்பியை எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் ஐயா என்றோம். உள்ளே வெற்றிடம், உடைத்தால் கண்ணாடி பறக்கும். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, மெல்லிய ரியூப்களில் பாதரசம் இருக்கிறது. வயரை எரித்துச் செம்பு எடுக்கும் புகையும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்ற இலத்திரனியற் கழிவு சேகரிப்போர் கொழும்பில் இருக்கிறார்கள். ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீடுகளில் இப்படிக் கிடப்பதாக மகள் சொன்னார். மூன்றையும் ஒரே ஓட்டோவில் ஏற்றுவதென்று பேசிக்கொண்டோம்.