தோட்டப் பாடசாலையில் கரப்பந்து அணி சேர்ப்பது எப்படி

பலாங்கொடை, நிவித்திகலை, தெஹியோவிட்ட என்று எந்த வலயத்துத் தோட்டப் பாடசாலைக்கு விளையாட்டுப் பொறுப்பாசிரியராகப் போனாலும் நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான். துருப்பிடித்த இரண்டு இரும்புக் கம்பம், களஞ்சிய அறையில் கிழிந்த வலை, முன்பு நல்ல அணி இருந்தது என்ற பேச்சு. அணியைக் கட்டியவர் இடமாற்றம் பெற்றுப் போனார், பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள். கரப்பந்தாட்டம் 1991 முதல் இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உள்ள சமதரை கிடைத்தால் போதும். மலைச்சரிவில் கட்டிய பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான குழு விளையாட்டு இல்லை. பயிற்றுவிப்பது எப்படி என்று சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைச் சேர்ப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

காலைக் கூட்டத்தில் அறிவித்து, "விருப்பமானவர்கள் பின்னேரம் மைதானத்துக்கு வாங்க" என்று சொல்லாதீர்கள். பாடசாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் ஏற்கனவே மட்டையோடு திரியும் பையன்களும்தான் வருவார்கள். மேற்பிரிவிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி வரும் பிள்ளை வராது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகவேண்டிய பெண்பிள்ளை வராது. வந்த கூட்டத்தை வைத்து அணியை முடிவுசெய்தால், பாடசாலையின் பாதித் திறமையை நீங்கள் பார்க்கவே இல்லை.

முதல் வாரம் மைதானத்துக்குப் போகாமல் அலுவலகத்தில் உட்காருங்கள். வரவு இடாப்பையும் அனுமதிப் பதிவேட்டையும் எடுத்து, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்த திகதி, வசிக்கும் டிவிசன், வரவு இந்த மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வயதுப் பிரிவு எந்தத் திகதியில் கணக்கிடப்படுகிறது என்பது அந்த வருடச் சுற்றறிக்கையில் இருக்கும். வலயக் கல்விப் பணிமனையில் கேட்டு வாங்குங்கள்; போன வருடத்துப் பிரதியை நம்பவேண்டாம்.

கூடவே பிறப்புச் சான்றிதழ்களையும் பாருங்கள். போட்டிக்கு முதல் வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் நல்ல ஆட்டக்காரரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். தோட்டங்களில் தவறவிட்ட பதிவுகள் இன்னும் உண்டு. சான்றிதழில் ஒரு பெயர், இடாப்பில் வேறு பெயர், தகப்பன் பெயரில் எழுத்துப் பிழை என்பதெல்லாம் சாதாரணம். காலங்கடந்த பதிவுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழுக்கும் பிரதேச செயலகத்துக்குப் பல தடவை அலைய வேண்டிவரும், அதற்காகத் தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேர் போகும். ஆகவே குறை உள்ள பிள்ளைகளின் பட்டியலை முதல் தவணையிலேயே அதிபரிடம் கொடுத்து, கிராம உத்தியோகத்தரையும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரையும் பிடியுங்கள். அணிக்கு எடுக்காத பிள்ளையின் பத்திரத்தையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் அது எப்படியும் வேண்டும்.

எந்த வயதிலிருந்து தொடங்குவது? ஆறாம், ஏழாம் வகுப்பிலிருந்து. பத்தாம் வகுப்புப் பையன் இன்றைக்கே உயரமாக இருப்பான், இன்றைக்கே அடிப்பான். ஆனால் அவனை எல்லாரும் கேட்கிறார்கள். கொழும்புக் கடைக்காரர் கேட்கிறார். இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கக் குழிக்காரரும் கேட்கிறார். 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்ற சட்டம் இருந்தும், வீட்டில் கடன் முற்றினால் பையன் லொறி ஏறிவிடுவான். அவனைக் கைவிடச் சொல்லவில்லை, அவனையும் விளையாடவிடுங்கள். ஆனால் அவனை நம்பி அணியைக் கட்டாதீர்கள். முதல் வருடம் தோற்றுப் போகலாம் என்று அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் தொடங்குகிறவர்தான் இரண்டாம் தவணையில் பயந்துபோய்ப் பெரிய பையன்களை அள்ளிப்போடுகிறார்.

தெரிவுசெய்யும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அன்று அளக்கப்பட்ட வயதுப் பிள்ளைகள்தான் இன்று உங்கள் இடைநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். நகரத்துப் பாடசாலையின் அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் அணியே தேறாது. சுவரோடு நிறுத்தி, கை எட்டும் இடத்தையும் துள்ளி எட்டும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. தினமும் ஏறி இறங்கி வரும் பிள்ளைகளின் காலில் நல்ல துள்ளல் இருக்கும். பிறகு பந்தைத் தரையில் விழாமல் கையில் ஏந்தச் சொல்லிப் பத்து நிமிடம் பாருங்கள். குட்டையான, சுறுசுறுப்பான, வாயாடிப் பிள்ளை ஒன்று கண்ணில் படும். அதுதான் உங்கள் செட்டர். அதற்கு அடுத்ததை லிபரோவாக வையுங்கள். இந்த இரண்டு இடத்துக்கும் உயரம் பெரிதாகத் தேவையில்லை, மற்ற அணிகளிடமிருந்து நீங்கள் புள்ளி எடுக்கப்போவதும் இந்த இரண்டு இடத்தில்தான். வலையின் உயரம் வளர்ந்த ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24. சின்னப் பிள்ளைகளுக்கு அதைத் தாராளமாக இறக்கிக் கட்டுங்கள். அடித்த பந்து ஒருதடவையாவது அந்தப் பக்கம் போனால்தான் பிள்ளை மறுநாள் வரும்.

இனி லயத்துக்குப் போகும் வேலை. அணி உருவாவதும் உடைவதும் இங்கேதான்.

பெற்றோரைப் பாடசாலைக்குக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும், அந்தக் கோபத்தோடு வந்து உட்கார்ந்தவரிடம் எந்தச் சம்மதமும் கிடைக்காது. நீங்கள் போங்கள், அதுவும் நேரம் பார்த்துப் போங்கள். கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போனவர்கள் பகலுக்குப் பிறகு வீட்டில் இருப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்து முடிய மாலையாகிவிடும். அந்த நேரத்தில் அடுப்பு மூட்டும் அவசரத்தில் இருக்கும் தாயிடம் பேசவேண்டாம். போயா நாள் நல்லது. ஞாயிறும் நல்லது, கொழுந்து அதிகமாக வரும் மாதங்களைத் தவிர. அந்த மாதங்களில் ஞாயிறன்று கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள்.

தனியாகப் போகாதீர்கள். பெண்பிள்ளை வீட்டுக்கு ஒரு பெண் ஆசிரியரோடு போவது என் கட்டாய விதி. அந்த டிவிசனிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவரை முன்னே விடுங்கள். போகும் வழியில் தோட்டத் தலைவரையும் கோயில் பரிபாலன சபைக்காரரையும் கண்டு சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் காதில் விழாமல் லயத்துக்குள் போனால், நீங்கள் திரும்பி வருவதற்குள் வேறு கதை கிளம்பியிருக்கும்.

யாரிடம் கேட்பது என்பதில் இன்னும் கவனம் வேண்டும். தாய் மத்திய கிழக்கில், தகப்பன் கொழும்பில், பிள்ளை அம்மாயியிடம் என்ற வீடுகள் நிறைய. அங்கே தகப்பனுக்குத் தொலைபேசியில் பேசிச் சம்மதம் வாங்கினாலும், அம்மாயி தலையாட்டாமல் பிள்ளை வராது. இஸ்தோப்பில் உட்காருங்கள், கொடுக்கும் தேத்தண்ணியைக் குடியுங்கள், பேச்சை அவரிடமே தொடங்குங்கள்.

அவர்கள் கேட்கப்போவது மூன்று கேள்விகள்தான். பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? யாரோடு வரும்? படிப்பு கெடாதா? மூன்றுக்கும் திட்டமான பதில் இல்லாமல் லயத்துப் பக்கம் போகவே வேண்டாம்.

"சேர், புள்ள வரையில மழ புடிச்சா?" என்று ஒரு தாய் கேட்டால் அதைச் சாக்குப்போக்கு என்று நினைக்காதீர்கள். 2016 மே மாதம் புளத்கொஹுப்பிட்டிய களுபஹன தோட்டத்தில் மண்சரிவில் லயம் புதைந்து ஆட்கள் இறந்ததை இந்த மலைகளில் யாரும் மறக்கவில்லை. "மழ வந்தா பள்ளிக்கூடத்துலயே நிப்பாட்டி வச்சிக்குவோம்மா, விட்டதும் நானே கூட்டிக்கிட்டு வாறேன்" என்று சொல்ல முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். சொன்னால் செய்யுங்கள். ஒரு பிள்ளை ஒருநாள் இருட்டில் தனியாக நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தால், அந்த லயத்திலிருந்து அடுத்த வருடமும் பிள்ளை வராது.

பயிற்சி நேரத்தை இதற்கேற்ப வையுங்கள். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் பிள்ளைகள் சாப்பிடட்டும், இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றேகாலுக்கு முடித்துவிடுங்கள். இரத்தினபுரி மலைகளில் மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் இறங்கும். மூன்றேகாலுக்குப் பிறகு ஒரு பந்தும் மைதானத்தில் இருக்கக்கூடாது. ஒரே டிவிசன் பிள்ளைகளை ஒன்றாக அனுப்பி, மூத்த பிள்ளை ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இதனால்தான் ஒரு லயத்தில் ஒரு பிள்ளை மட்டும் இருந்தால் நான் எடுக்கத் தயங்குவேன். இரண்டாவது பிள்ளையையும் தேடுவேன், அது மாற்று ஆட்டக்காரராக இருந்தாலும் பரவாயில்லை. கூட நடக்க ஆள் இருந்தால் இரண்டு பிள்ளைகளும் நிற்பார்கள்.

சாப்பாட்டை மறந்துவிடாதீர்கள். காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டு வந்த பிள்ளையைப் பின்னேரம் துள்ளச் சொன்னால் தலைசுற்றி விழும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசி, பயிற்சி நாட்களில் அவித்த கடலையோ பயறோ கிடைக்கச் செய்யுங்கள். புதுப் பந்து வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பெண்பிள்ளைகள் விசயத்தில் இன்னும் இரண்டு சிக்கல்கள். வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சடங்குக்கு அழைத்தால் பெண் ஆசிரியரோடு போங்கள். மறுவாரமே பயிற்சிக்கு அனுப்பச் சொல்லாமல், தாய் தானே பேசும்வரை பொறுங்கள். அணியின் மற்றப் பெண்பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. இரண்டாவது, கட்டைக் காற்சட்டை. பயிற்சிக்கு நீளக் காற்சட்டை போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போட்டிக்கு என்ன அனுமதி என்பதை வலயத்தில் விசாரித்து, அணி முழுவதற்கும் ஒரே மாதிரி தையுங்கள். முதல் தவணையில் சப்பாத்தைப் பற்றி வாயே திறக்கவேண்டாம். சப்பாத்து என்றதும் வரவு குறைந்துவிடும்.

படிப்பைப் பற்றிய கேள்விக்கு வேலை கிடைக்கும், வெளிநாடு போகலாம் என்று ஆசை காட்டாதீர்கள். வாரத்தில் மூன்று நாள்தான் பயிற்சி, தனியார் வகுப்பு நாளில் பயிற்சி இல்லை, பாடசாலைக்கு வராத பிள்ளைக்கு அன்று பந்தும் இல்லை என்று சொல்லுங்கள். இந்த மூன்றாவது விதியைக் கேட்டதும் தாய்மாரின் முகம் மாறும். பிள்ளையின் வரவு கூடும் என்பது அவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

நகரத்துப் பாடசாலைகள் உங்கள் நல்ல பிள்ளைகளைக் கூப்பிடும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலோடு சிலர் போவார்கள், உங்கள் பாடசாலையில் உயர்தரம் இல்லையென்றால் சாதாரண தரத்தோடு மற்றவர்களும் போவார்கள். விடுகைப் பத்திரத்தை இழுத்தடித்துப் பிள்ளையைப் பிடித்துவைப்பது பெரிய தவறு. சந்தோசமாக வழியனுப்புங்கள். போன பிள்ளை விடுமுறையில் வந்து, அங்கே கற்றதைத் தம்பி தங்கைக்குச் சொல்லித்தரும். ஒரு அக்கா போன வீட்டில் அடுத்த பிள்ளையைக் கேட்க நீங்கள் வாய்திறக்கவே தேவையில்லை.

தோட்ட நிர்வாகத்திடம் பணம் கேட்காதீர்கள். இரும்புக் குழாய், மைதானத்தை ஒரு நாள் மட்டப்படுத்த இயந்திரம் என்று பொருளாகக் கேளுங்கள், அதிபரின் கையொப்பத்தோடு எழுத்தில் கேளுங்கள். பெலிகுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. பலாங்கொடைப் பக்கத்தில் இருப்பவர்கள் அதிபர் வழியாக அவர்களுக்கும் எழுதலாம். பெரிய பிள்ளைகள் ஒரு நாள் வந்து கூட விளையாடினாலே உங்கள் பிள்ளைகள் ஒரு மாதம் அதைப் பேசுவார்கள்.

தோட்டத்தில் மாலைநேரம் வலைகட்டி விளையாடும் இளைஞர்களைப் பயிற்சியாளராக்காதீர்கள், எதிரணியாக்குங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். குடித்துவிட்டு வருபவருக்கு மைதானத்தில் இடமில்லை என்பதை முதல் நாளே அவர்களின் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

சாதாரண தரப் பரீட்சை மாதம் அண்மைய வருடங்களில் மாறிமாறி வந்திருக்கிறது. ஆகவே வருடத் தொடக்கத்திலேயே திகதியைப் பார்த்து, அதற்கு முந்திய தவணையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைப் பயிற்சியிலிருந்து விடுவித்துவிடுங்கள். அந்த நாளுக்கு முன் இரண்டாவது செட்டர் தயாராக இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளையை இப்போதே தேர்ந்து மூத்த செட்டருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு வரும் போயாவுக்கே போய்விட்டு வாருங்கள்.