ஒன்லைனில் கார்ட் எடுக்குமுன் கணக்குப் பார்ப்போம்



முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் உடுப்பு, அபாயா, அத்தர் விற்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "நானா, ஒன்லைனில் கார்ட் எடுக்க எந்தக் கம்பனிக்குக் கமிஷன் குறைவு?" கமிஷன் கண்ணுக்குத் தெரியும் செலவு. சிறு வியாபாரியின் கையைக் கடிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவையே. எனது புடவைக் கடைக்கு இந்த வசதியை எடுக்குமுன் நான் கொப்பியில் எழுதிப் பார்த்த கேள்விகளை இங்கே தருகிறேன்.

முதலாவது, மொத்தச் செலவு எவ்வளவு? ஓர் உதாரணம். ஒரு கம்பனி மாதக் கட்டணம் இல்லாமல் நூற்றுக்கு 3.5 கேட்கிறது. இன்னொன்று மாதம் 4,000 ரூபாவும் நூற்றுக்கு 2.7உம் கேட்கிறது. உங்கள் கார்ட் விற்பனை மாதம் 2 இலட்சம் என்றால் முதலாவதற்கு 7,000 ரூபா, இரண்டாவதற்கு 9,400 ரூபா. விற்பனை 8 இலட்சமானால் முதலாவதற்கு 28,000, இரண்டாவதற்கு 25,600. இரண்டும் சமமாவது 5 இலட்சத்தில். ஆகவே கமிஷன் வீதத்தை மட்டும் பார்க்காமல் உங்கள் விற்பனையை வைத்தே கணக்குப் பாருங்கள்.

இரண்டாவது, காசு எத்தனை நாளில் கணக்குக்கு வரும்? நாளாந்த விற்பனை 20,000 ரூபா என்று வைப்போம். இரண்டு நாளில் காசு வந்தால் வெளியே நிற்பது 40,000. பத்து நாள் பிந்தினால் 2 இலட்சம். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய செக்குக்கு அந்தக் காசுதானே வேண்டும்? பெருநாள் சீசனில் இந்தத் தாமதம் கமிஷனை விடப் பெரிய செலவு.

மூன்றாவது, தகராறு வந்தால் நட்டம் யாருக்கு? வீஸா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி வாடிக்கையாளர் தனது வங்கி மூலம் காசைத் திருப்பிக் கேட்கலாம். பல வகை முறைப்பாடுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. சாமானும் போய், காசும் போய், அதன்மேல் கட்டணமும் விழலாம். போனுக்கு இரகசிய இலக்கம் அனுப்பி உறுதிசெய்யும் '3டி செக்கியூர்' முறை இருந்தால், "இந்தக் கார்ட்டை நான் பாவிக்கவில்லை" என்ற முறைப்பாட்டின் பொறுப்பு பொதுவாக கார்ட் கொடுத்த வங்கிக்குப் போகும். ஆனால் "சாமான் வரவில்லை", "வேறு சாமான் வந்தது" என்ற முறைப்பாடுகள் நம் தலையில்தான். கூரியர் கையொப்பத்தையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். சாமான் திரும்பி வந்தால் கமிஷனும் திரும்புமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

நான்காவது, கார்ட் இலக்கம் எங்கே பதியப்படுகிறது? அது கம்பனியின் சொந்தப் பக்கத்தில் பதியப்படுவதே நமக்குப் பாதுகாப்பு. கார்ட் இலக்கத்தையும் பின்பக்க மூன்று இலக்கங்களையும் வட்ஸ்அப்பில் வாங்கி வைப்பது வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது, கம்பனிக்கு அனுமதி உண்டா? 2013ஆம் ஆண்டின் கொடுப்பனவு அட்டை ஒழுங்குவிதிகளின் கீழ் இலங்கை மத்திய வங்கி அனுமதி வழங்குகிறது. பட்டியல் அதன் இணையத்தளத்தில் உண்டு. வெளிநாட்டிலுள்ள மச்சானின் பெயரில் அங்கே கணக்குத் திறந்து இங்கே வியாபாரம் செய்வது ஆபத்து. உண்மை தெரிந்தால் கணக்கை மூடி, உள்ளேயிருக்கும் காசைத் தடுத்து வைப்பார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரத்தைப் பதிந்து, சொந்தப் பெயரில் எடுப்பதே நல்லது.

கடைசியாக ஒன்று. கமிஷனை வாடிக்கையாளரிடம் தனியாக அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. அதை நமது செலவாகக் கணக்கிட்டே விலையைத் தீர்மானிக்க வேண்டும். நூற்றுக்கு பத்து இலாபம் வைப்பவருக்கு 3.5 கமிஷன் என்பது இலாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுக்கும் கம்பனியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.