ஆராய்ச்சிக் கேள்விக்கு உதவும் உங்கள் கம்ப்யூட்டர்

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம், "எதற்காக வாங்கினீர்கள்?" என்று கேட்டால், "பிள்ளைகள் படிப்புக்கு" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் படிப்புக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது? நர்சிங் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு உதவப் போய் நான் கற்றுக் கொண்டதை இங்கே பாடமாகத் தருகிறேன். வேறு துறையில் படிப்பவர்களுக்கும் இந்த வழிமுறை பொருந்தும்.

என் அம்மா காய்ச்சலில் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார்கள். மருந்து ஏற்றக் கையில் குத்தி வைக்கும் சிறு பிளாஸ்டிக் குழாயை, அதாவது ஐ.வி. கேனுலாவை, மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துவிட்டு வேறு இடத்தில் குத்தினார்கள். வயதானவர் என்பதால் நரம்பு கிடைக்காமல் சில சமயம் மூன்று, நான்கு முறை குத்த வேண்டியிருந்தது. உடனிருந்த அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, அப்பத்தா கையில வீக்கமே இல்லையே, நல்லா இருக்கிறதை ஏன் மாத்தணும்?" அவள் எம்.எஸ்சி. நர்சிங் மாணவி. இதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"நோயாளிகளுக்கு ஐ.வி. கேனுலாவால் ஏற்படும் பிரச்னைகள்" என்று தலைப்பு எழுதிக் கொடுத்தாள். அவளுடைய கைடு அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு மாதத்திற்குள் சரியான தலைப்புடன் வர வேண்டும். இல்லையேல் ஆறு மாதம் தள்ளிப் போகும் என்ற நிலை. அன்று மாலையே என் கம்ப்யூட்டர் முன் வந்து அமர்ந்தாள்.

முதல் பாடம்: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

"பிரச்னைகள்" என்பது தலைப்புதான், கேள்வி அல்ல. நர்சிங் மற்றும் மருத்துவ ஆராய்ச்சியில் இதற்கு "பிகோ" என்ற எளிய முறை உண்டு. நான்கு எழுத்துகள், நான்கு விவரங்கள். யாரிடம்? என்ன செய்யப் போகிறோம்? எதோடு ஒப்பிடுகிறோம்? எந்த விளைவை அளக்கிறோம்?

நோட்பேடைத் திறந்து நான்கு வரிகளாக டைப் செய்தோம். யாரிடம்: வார்டில் உள்ள பெரியவர்கள். என்ன: தேவைப்படும்போது மட்டும் கேனுலாவை மாற்றுதல். எதோடு: மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுதல். விளைவு: பிளபைட்டிஸ், அதாவது நாம் நரம்பு என்று சொல்லும் ரத்தக் குழாயில் வரும் அழற்சி. ஒரு வரி காலியாக இருந்தாலும் கேள்வி இன்னும் தயாராகவில்லை என்று பொருள். எதையும் ஒப்பிடாத ஆய்வுக்கு மட்டும் மூன்றாவது வரி தேவைப்படாது.

இரண்டாம் பாடம்: சரியான இடத்தில் தேடுங்கள்

சாதாரணத் தேடலில் விளம்பரங்களும் கலந்து வரும். மருத்துவ ஆய்வுகளுக்கு "பப்மெட்" தளம் செல்லுங்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் இதை 1990களின் பிற்பகுதியிலிருந்து இலவசமாக வழங்கி வருகிறது. மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் இதில் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கம் கிடைக்கும். கூகுள் என்றால் "கூகுள் ஸ்காலர்" பிரிவைப் பயன்படுத்துங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு "சோத்கங்கா" தளம் உள்ளது.

பப்மெட்டில் நீளமான வாக்கியத்தை டைப் செய்ய வேண்டாம். பிகோவில் எழுதிய முக்கியச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் தாருங்கள். "பெரிபரல் வீனஸ் கதீட்டர்", "ரீப்ளேஸ்மென்ட்", "பிளபைட்டிஸ்" ஆகிய மூன்றை நாங்கள் தந்தோம். சொற்களுக்கு இடையே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் "ஆண்ட்" என்று அமைத்தால் எல்லாச் சொற்களும் உள்ள கட்டுரைகள் மட்டும் வரும். "ஆர்" என்று அமைத்தால் ஏதேனும் ஒன்று இருந்தாலும் வரும். ஒரே பொருளுள்ள சொற்களை "ஆர்" கொண்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

முடிவுகள் வந்தவுடன் இடது பக்கம் பாருங்கள். "ஃப்ரீ புல் டெக்ஸ்ட்" கட்டத்தில் டிக் செய்தால் முழுமையாக இலவசமாகப் படிக்கக் கூடியவை மட்டும் தெரியும். "சிஸ்டமேட்டிக் ரிவ்யூ" என்பதில் டிக் செய்தால் பல ஆய்வுகளை ஒன்றாக அலசிய கட்டுரைகள் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் அங்கிருந்து ஆரம்பிப்பது நல்லது.

மூன்றாம் பாடம்: முதல் விடையில் நின்றுவிடாதீர்கள்

இங்கேதான் நான் தவறு செய்தேன். 2012ல் லேன்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு முதலில் கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகள், 3,283 நோயாளிகள். மூன்றாம் நாள் மாற்றியவர்களிலும், தேவைப்படும்போது மாற்றியவர்களிலும் பிளபைட்டிஸ் வந்தவர்கள் 7 சதவீதம்தான். இதைத் தலைமையேற்று நடத்திய கிளேர் ரிக்கார்ட் ஒரு நர்சிங் பேராசிரியர். 2019ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வும் 7,412 பேர் பங்கேற்ற ஒன்பது ஆய்வுகளைப் பார்த்து, பிளபைட்டிஸில் தெளிவான வித்தியாசம் இல்லை என்றது.

"அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது, எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்கவில்லை. அந்தக் கட்டுரைகளின் பக்கத்தில் "சைட்டட் பை" என்ற பகுதி இருக்கிறது. அதற்குப் பின்னால் வந்து, அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியல் அது. மறுநாள் அதன் வழியே சென்று 2021ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஜெனீவா ஆய்வைக் கண்டுபிடித்தாள். அங்கே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கேனுலாக்களைக் கணக்கெடுத்திருந்தார்கள். கட்டாய மாற்றத்தை நிறுத்திய காலத்தில் ரத்தத்தில் தொற்று அதிகரித்தது. பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. மொத்தத் தொற்றுகள் நூறுக்கும் குறைவுதான். ஆனால் அது உயிரைப் பறிக்கக் கூடியது.

ஒரு கட்டுரையைப் படித்தால் பின்னோக்கி அதன் மேற்கோள் பட்டியலையும், முன்னோக்கி "சைட்டட் பை" பட்டியலையும் கட்டாயம் பாருங்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் பப்மெட் அதன் மேலேயே அறிவிப்புத் தரும். அதையும் கவனியுங்கள்.

நான்காம் பாடம்: எக்ஸெலில் அட்டவணை

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரிசை. ஆண்டு, நாடு, யாரிடம், எத்தனை பேர், ஒப்பீடு, முடிவு, குறை என ஏழு நெடுவரிசைகள். டேட்டா மெனுவில் சார்ட் கொடுத்து ஆண்டு வாரியாக அடுக்கிடுங்கள். எங்கள் அட்டவணையில் இருபத்திரண்டு வரிசைகள் சேர்ந்தன. அடுக்கிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, ரத்தத் தொற்று மிக அரிது. அறுபது நோயாளிகளை வைத்து ஒரு மாணவி அதற்கு விடை காண முடியாது. இரண்டு, எந்த முறையாக இருந்தாலும் கேனுலா உள்ள இடத்தை நர்ஸ் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. பார்த்து மதிப்பெண் போட, 1998லேயே வெளியான "விஐபி ஸ்கோர்" என்ற அளவுகோல் இருக்கிறது. பூஜ்யம் முதல் ஐந்து வரை.

அவளுடைய கேள்வி மாறியது: "மெடிக்கல் வார்டு நர்ஸ்களுக்கு விஐபி ஸ்கோர் பயிற்சி தந்தால், கேனுலா இடத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுவது பயிற்சிக்கு முன்பைவிடக் கூடுகிறதா?" ஒரு வார்டில், சில வாரங்களில், யாருக்கும் கெடுதல் இல்லாமல் செய்யக் கூடியது. கைடு ஏற்றுக் கொண்டார். இப்போது நெறிமுறைக் குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்கிறாள்.

சில எச்சரிக்கைகள்

காப்பி, பேஸ்ட் செய்து ரிவ்யூ எழுதாதீர்கள். படித்து, விண்டோவை மூடிவிட்டு, உங்கள் சொற்களில் எழுதுங்கள். ஏஐ சாட்பாட்டிடம் மேற்கோள் கேட்டால், இல்லாத கட்டுரையைக்கூட இருப்பது போல் தந்துவிடும். ஒவ்வொன்றையும் பப்மெட்டில் தேடிச் சரிபார்த்திடுங்கள். மேற்கோள்களைச் சேமித்து வைக்க "ஜொட்டேரோ" என்ற இலவச புரோகிராம் உள்ளது. அட்டவணை பைலை பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள்.

அம்மா வீடு திரும்பிய பின் பேத்தியிடம் கேட்டார்கள்: "ஊசியை எத்தனை நாள் வைக்கலாமாம்?" அவள் சொன்னாள்: "அதுல இன்னும் ஒரே முடிவுக்கு வரல அப்பத்தா. ஆனா தினமும் கையைப் பார்க்கணும்னு எல்லாரும் சொல்றாங்க." இருபத்திரண்டு கட்டுரைகளைப் படித்த பிறகு சொன்ன பதில் அது. முதல் நாள் மாலை நான் சொன்ன பதிலைவிடச் சரியானது.