சொர்க்கத்தைப் பார்த்துச் சிரித்தவன்

அன்புள்ள தம்பிக்கு,

தேர்வு, விடுதிச் சாப்பாடு, பேராசிரியர் மேல் உனக்குள்ள மனத்தாங்கல் எல்லாவற்றுக்கும் பிறகு பதில் எழுதுகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு கேள்வி போட்டிருக்கிறாயே, அதுதான் என்னை விடவில்லை. "மழை பெய்து நாட்டில் பசி தீர்ந்துவிட்டது. அதற்காக ஆபுத்திரன் ஏன் ஐயா வருந்த வேண்டும்? அவனுக்குப் பசி தீர வேண்டுமா, பசித்தவர்கள் வேண்டுமா?"

நல்ல கேள்வி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "எப்படியும் மதம் என்றாலே புண்ணியக் கணக்குத்தானே" என்று ஒரு வரி சேர்த்தாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஆபுத்திரன் கதை வருகிற மணிமேகலையை வைத்துக்கொண்டா அப்படிச் சொல்வது? அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்ட காப்பியம் அது. நீ கைடு படித்திருக்கிறாய், காப்பியம் படிக்கவில்லை. அவன் கையிலிருந்த வற்றாத பாத்திரத்தை "அட்சய பாத்திரம்" என்று நீ எழுதியதிலேயே அது தெரிகிறது. அட்சய பாத்திரம் பாண்டவர்களுக்குச் சூரியன் கொடுத்தது. திரௌபதி உண்டு முடித்தால் அன்றைக்கு அது வற்றிவிடும். ஆபுத்திரன் கையிலிருந்தது சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபி. அதற்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையை முதலில் நாம் எங்கே சந்திக்கிறோம்? வேள்விக்கென்று ஒரு வீட்டில் பசுவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் கொம்பில் மாலை. இரவில் யாரும் அறியாமல் அதை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போகிறான். பிடிபட்டு அடி வாங்குகிறான். அவர்கள் பார்வையில் அது திருட்டு; சட்டப்படி பார்த்தாலும் திருட்டுத்தான். அமெரிக்க உளவியலாளர் கோல்பெர்க், 1958இல் முடித்த ஆய்வேட்டிலிருந்து தொடங்கி, மனிதரின் ஒழுக்க முதிர்ச்சியை ஆறு படிகளாகப் பிரித்தவர். மனைவியின் உயிரைக் காக்க மருந்தைத் திருடலாமா என்ற கேள்வியைச் சிறுவர்களிடம் கேட்டுத்தான் அந்தப் படிகளைக் கண்டார். தண்டனைக்குப் பயந்து ஒழுங்காக இருப்பது கீழ்ப்படி. கிடைக்கும் பலனுக்காக ஒழுங்காக இருப்பது அடுத்த படி. படிகள், ஏணிகள் மேலெல்லாம் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் அந்த ஆளைப் படித்தபோது எனக்கு இந்தப் பசுதான் நினைவுக்கு வந்தது. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் அதே கேள்வியை எத்தனை நூற்றாண்டு முன்னால் ஒரு சிறுவன் கையில் கயிறாகவே கொடுத்துவிட்டார்!

இனி என் மனத்துக்குப் பிடித்த இடம். பொறுமையாகக் கேள்.

பிறகு, மதுரை அம்பலத்தில் அந்தப் பாத்திரத்தை ஏந்திக் குருடர், செவிடர், முடவர், நோயாளிகள் எல்லாருக்கும் அவன் சோறு போட்டுக்கொண்டிருக்கிறான். இந்திரனின் இருக்கை அசைகிறது. கூன் விழுந்த கிழ அந்தணனாகத் தடியூன்றி வந்து, "நான் இந்திரன். உன் தானத்தின் பயனைப் பெற்றுக்கொள்" என்கிறான். அதற்கு ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான், தம்பி. கைகூப்பவில்லை, பணிவாக மறுக்கவும் இல்லை, சிரிக்கிறான். 'உங்கள் உலகத்தில் அறம் செய்பவர் உண்டா? பிறரைக் காப்பவர் உண்டா? தவம் செய்பவராவது உண்டா? செய்ததன் பயனை உட்கார்ந்து தின்பவர்கள்தானே அங்கே இருக்கிறீர்கள்? பசி தீர்ந்தவன் முகத்தை எனக்குக் காட்டுகிற இந்தப் பாத்திரம் போதும், போய் வா' என்கிற பொருளில் பேசி அனுப்பிவிடுகிறான்.

சொர்க்கம் மட்டமான இடம், ஏனென்றால் அங்கே உதவி தேவைப்படுகிறவன் இல்லை. இப்படி ஒரு மறுப்பை நான் வேறெங்கும் படித்ததில்லை. மகாபாரதத்தில் தருமனும் நாய்க்காகச் சொர்க்கத்தை மறுக்கிறானே என்று நீ சொல்வாய். மறுக்கிறான்தான். ஆனால் அது சோதனை, நாயே தருமதேவதை, கடைசியில் அவன் சொர்க்கம் போகிறான். மறுப்புக்கும் கூலி உண்டு அங்கே. ஆபுத்திரனுக்குக் கிடைத்ததோ தண்டனை. அதுவும் என்ன தண்டனை? மழை! பன்னிரண்டு ஆண்டுகள் பாண்டி நாடு வறண்டு உயிர்கள் மடிந்தபோது பெய்யாத மழை, பாத்திரத்தைப் பயனில்லாமல் ஆக்கவேண்டும் என்ற இந்திரனின் கோபத்தில் பெய்தது. கூலி கொடுக்கும் கடவுளைப் பற்றிச் சாத்தனார் என்ன நினைத்தார் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

முறுக்குக் கொடுத்தால் பாடம் படிப்பேன் என்கிற வயது ஒன்று உண்டு. மதத்தில் பெரும்பாலோர் அந்த வயதிலேயே நின்றுவிடுகிறோம். அன்னதானச் சீட்டில் பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறார்கள். சாப்பிடப் போகிறவனைப் பற்றி ஒரு கட்டமும் இல்லை. இதைச் சொன்னால் என்னை நாத்திகன் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். சைவ மடத்தில் தமிழ் படித்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்தில் வைணவரான மளூர் ரங்காசாரியாரிடம் பௌத்தக் கருத்துகளைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1898இல் இந்தப் பௌத்தக் காப்பியத்தைப் பதிப்பித்தார். அவர் மட்டும் புண்ணியக் கணக்குப் பார்த்திருந்தால் நம் கையில் இன்னொரு தலபுராணம்தான் இருந்திருக்கும்.

இப்போது உன் கேள்வி. மழை பெய்ததும் அம்பலத்தில் சூதாடிகளும் வெட்டிப்பேச்சுக்காரர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய் "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுச் சிரிப்புக்கு ஆளாகிறான். இந்த இடத்தில் உன் சந்தேகம் நியாயம்தான். ஆனால் அவன் மழையைச் சபிக்கவில்லை. சாவக நாட்டில் மழையில்லை, உயிர்கள் மடிகின்றன என்று கேட்டதும் கப்பலேறுகிறான். காற்றினால் கப்பல் மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்க நேர்கிறது. அவன் கீழே இறங்குகிறான். ஏறிவிட்டான் என்று நினைத்து இருட்டில் பாய் விரித்துப் போய்விடுகிறார்கள். ஆளில்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம். ஆயுள் முழுதும் தின்னலாம். பலரைக் காக்கிற பாத்திரத்தால் என் ஒரு வயிற்றைக் காப்பதைத் தாங்கமாட்டேன் என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிரை விடுகிறான்.

இதைப் பெரிய தியாகம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இங்கேயே கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சாத்தனார் இறங்கவில்லை. 25ஆம் காதைக்குப் போ. ஆபுத்திரன் சாவகத்தில் புண்ணியராசன் என்ற அரசனாகப் பிறந்து, காப்பியத் தலைவி மணிமேகலையின் சொல் கேட்டு மணிபல்லவம் வருகிறான். தன் பழைய எலும்பையே பார்க்கிறான். பக்கத்தில் இன்னும் சில எலும்புகள். அவனைத் தவறவிட்டதற்காகத் தேடி வந்து, அவன் இறந்தது கண்டு, அங்கேயே உண்ணாமல் மாண்ட ஒன்பது வணிகர்களுடையவை. அவர்களோடு வந்தவர்களும் மாண்டார்கள். அந்தத் தீவைக் காக்கும் தீவதிலகை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள்: உன்னையும் கொன்றாய், உனக்காக இரங்கியவர்களையும் கொன்றாய், நீ கொலைகாரன் அல்லவா?

பார்த்தாயா? நீ கேட்டதைவிடக் கடுமையாகக் காப்பியமே அவனைக் கேட்டுவிட்டது. பிறர் பசிக்காக உருகியவன், தனக்காக உருக நாலு பேர் இருப்பார்கள் என்பதை நினைக்கவில்லை. கருணை இருந்தது, முதிர்ச்சி போதவில்லை. இப்படித் தன் மகானையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிற நூலைத்தான் நான் மத நூல் என்பேன்.

கலங்கி நிற்கிற அரசனுக்கு மணிமேகலை சொல்வதில் துறவு இல்லை, சொர்க்கம் இல்லை. நாட்டுக்குத் திரும்பிப் போ, உயிர்களுக்கு உணவும் உடையும் தங்க இடமும் கொடு, அறம் என்பது அதுதான் என்கிறாள். அன்று பிச்சைப் பாத்திரம் ஏந்தி ஒருவன் செய்ததை இனி ஓர் அரசு செய்யவேண்டும். பாத்திரத்துக்கு வேலை இல்லாமல் போனால் அழவேண்டியதில்லை என்ற பதில் உனக்கு இதில் இருக்கிறது.

ஆனாலும் தீவதிலகை சொன்னது முழுக்க நியாயமா என்பதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அதை இப்போது சொல்லமாட்டேன். நீ 13, 14, 25 ஆகிய மூன்று காதைகளையும் மூலத்திலேயே படி. உரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கைடைத் தொடாதே. படித்துவிட்டு, அவள் பக்கமா அவன் பக்கமா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தமிழாசிரியர்